5,400 ரூபாய் உதைக்குது சார்!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் இது பற்றா, வரவா என்று நடுவில் கோடு போட்டுப் பார்ப்பான். எனக்கும் உண்டு. ஆனால், கோபத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று எந்த புரொபஸரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பத்திரிகைகளுக்கு எழுத வருமுன் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் இன்சார்ஜாக இருந்தேன். எனக்குக் கீழே மூன்று பேர். பதவி வந்ததும் வளர்ந்தது சம்பளம் இல்லை சுவாமி... தொண்டை!

ஒரு மாதக் கடைசி. பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கும் நம் புத்தகத்துக்கும் 5,400 ரூபாய் உதைத்தது. என்ட்ரி போட்டவன் புதுசாகச் சேர்ந்த பையன். "கண்ணை எங்கேடா வெச்சுட்டு வந்தே?" என்று ஆரம்பித்தேன். ஆபீஸே வேடிக்கை பார்க்க, கால் மணி நேரக் கச்சேரி. பையன் தலையே நிமிரவில்லை.

தொண்டை காய்ந்த பிறகுதான் மூளை வேலை செய்தது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் – கணக்குப்பதிவியலில் பால பாடம். தேடினால், 8,200 இருக்கவேண்டிய வவுச்சரில் 2,800. கையெழுத்து யாருடையது? சாட்சாத் என்னுடையது!

'ஸாரி' சொன்னேனா? ம்ஹூம். "சரி சரி, போய் டீ சாப்பிடு" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் ஒரு பெரிய பில்லை நான் கோட்டை விட்டேன். ஆடிட்டர் பிடித்துவிட்டார். கட்டாத வரிக்கு வருஷத்துக்கு 18 சதவிகித வட்டி! முதலாளியின் அறையில் இந்த முறை எனக்குக் கச்சேரி. வெளியே வந்ததும் பையன் மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கே பார்த்தேன் சார்... சொன்னா திட்டுவீங்களோன்னு..."

வட்டியைவிட அந்த 'திட்டுவீங்களோ'தான் சுருக்கென்று குத்தியது.

அப்புறம் ஒரு சங்கதி படித்தேன். ஏமி எட்மண்ட்ஸன் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் எழுதினார். நன்றாக வேலை செய்யும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் அவரும் நினைத்தார். பார்த்தால், அங்கேதான் பதிவான தவறுகள் அதிகம்! காரணம், அந்த நர்ஸுகள் தலைமை நர்ஸிடம் பயமில்லாமல் சொன்னார்கள். திட்டு விழும் இடங்களில் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆக, நாம் கத்துவதால் தப்பு குறைவதில்லை. தப்பு நம் காதுக்கு வருவதுதான் குறைகிறது!

'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்று 1995-ல் டேனியல் கோல்மன் ஒரு தடிப் புத்தகமே எழுதிப் பிரபலமாக்கிய சமாசாரத்தில் இதுவும் ஒரு பகுதிதான். கோபம் வருவதை, அது வாய்க்கு வருமுன் நாமே கண்டுபிடிப்பது. எதிரே நிற்பவன் முகத்தைப் படிப்பது. பரீட்சையில் நூறு வாங்கியவனும் ஃபெயிலாகும் சப்ஜெக்ட் இது.

மறுநாள் காலை, எல்லாரும் இருக்கும்போது, "தம்பி, அந்த 5,400 என் தப்புப்பா" என்றேன். வார்த்தை வெளியே வருவதற்குள் வியர்த்துவிட்டது.

ஒரு வாரம் போயிருக்கும். பையன் ஓடி வந்தான். "சார், ஒரு தப்பு!"

"யாருது?"

"உங்களுதுதான் சார்!"

வயிறு எரிந்தது. ஆனாலும், டீ வாங்கிக் கொடுத்தேன். இந்த முறை, கூடவே ஒரு வடையும்!