கடைசி வரிசையைப் பாருங்கள்

புத்தாண்டுத் தீர்மானங்களில் பெரும்பாலானவை பொங்கலைத் தாண்டுவதில்லை. மூன்று வருடங்களுக்கு முன் நான் செய்த தீர்மானமும் ஜனவரி 12 வரைதான் தாக்குப்பிடித்தது.

தீர்மானத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் எனக்கு 6.1 வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 6.5 என்றால் நீரிழிவு. டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "உடம்பை அசையுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்றார். என் அப்பாவுக்கு இந்தக் கட்டத்தில் இப்படிச் சொல்ல யாரும் இல்லை. 58 வயதில் அவருடைய வலது கால் கட்டைவிரலை எடுக்க வேண்டி வந்தபோதுதான் சர்க்கரை என்றால் என்ன என்று எங்கள் குடும்பத்துக்குப் புரிந்தது. பரிசோதனை முடிவைக் கையில் வாங்கியபோது எனக்கு வயது 52.

ஆகவே, தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் 20 நிமிட தூரத்திலிருந்த ஒரு பளபளப்பான ஜிம்மில் 24,000 ரூபாய் வருடச் சந்தா கட்டினேன். 'தொடக்கநிலை வகுப்பு' என்று வாசலிலேயே எழுதியிருந்தார்கள். பயிற்சியாளர் என் எடையைக் குறித்துக்கொண்டார். வயதைக் கேட்கவில்லை, முழங்காலைப் பற்றியும் கேட்கவில்லை. இருபது வயதுப் பையன்களோடு சேர்ந்து நானும் குதித்தேன், குந்தினேன், தரையில் விழுந்து எழுந்தேன். நான்காம் நாள் மாடிப்படி இறங்க மனைவியின் தோள் தேவைப்பட்டது. பதினோராம் நாள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. இரண்டு வாரம் ஓய்வு என்றார்கள். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவேயில்லை. சந்தா போனது போனதுதான்.

இதில் நான் தனியாள் இல்லை என்பதை அறிந்தபோது சற்று ஆறுதலாக இருந்தது. அமெரிக்காவில் ஜிம் உறுப்பினர்களின் வருகைப் பதிவேட்டை ஆராய்ந்து இரு பொருளாதார நிபுணர்கள் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு தடவைக்கு 10 டாலர் கொடுத்தே போய் வரலாம் என்ற இடத்தில், மாதச் சந்தா கட்டியவர்களுக்கு ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை குறைவாகத்தான் அவர்கள் போயிருந்தார்கள். சந்தா கட்டும் நாளில் நம் மன உறுதியை நாம் எவ்வளவு மிகையாக மதிப்பிடுகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

ஆனால் இதைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் என்று மதிப்பிட்டது. 2024இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. பெண்களில் இது 57 சதவீதம்.

நல்ல செய்தியும் உண்டு, அது சென்னையிலிருந்தே வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. நடை, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பின்பற்றியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 26.4 சதவீதம். அதாவது மாத்திரைக்குச் சளைக்காத பலன். ஒரே நிபந்தனை, தொடர்ந்து செய்ய வேண்டும். பதினோரு நாளில் நிறுத்துபவனுக்கு எந்த ஆய்வும் உதவாது.

தொடர்ந்து செய்வது எப்படி என்பதை எனக்குக் காட்டியது என் மனைவி. "வீட்டு வேலையே போதாதா?" என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவள். எங்கள் குடியிருப்பின் சமூகக் கூடத்தில், ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர் காலை ஆறரை மணிக்கு வகுப்பு நடத்துகிறார். பஞ்சாபிக்காரர். மாதம் 800 ரூபாய். முதல் நாள் இவள் பணம் கட்டவில்லை. ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு முழு வகுப்பையும் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாள்.

"டீச்சர் எப்படி?" என்று கேட்டேன்.

"டீச்சரை யார் பாத்தா? அவங்க நல்லாத்தான் செய்வாங்க. கடைசி வரிசையில ஒரு அம்மா, எழுபது வயசு இருக்கும், அவங்களால செய்ய முடியுதான்னு பாத்தேன். முடிஞ்சுது. நாளையிலேருந்து போறேன். நீங்களும் வாங்க."

வகுப்பைத் தேர்ந்தெடுக்க இதைவிடச் சிறந்த வழியை நான் இதுவரை கேள்விப்படவில்லை. விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், கருவிகளைப் பார்க்காதீர்கள், முதல் வரிசையையும் பார்க்காதீர்கள். அங்கே இருப்பவர்கள் எந்த வகுப்பிலும் தேறிவிடுவார்கள். கடைசி வரிசையைப் பாருங்கள்.

அங்கே என்ன பார்ப்பது? முதலில், எளிய மாற்று தரப்படுகிறதா என்று. முன்வரிசை குதிக்கும்போது பின்வரிசை ஒரு காலை மட்டும் பக்கவாட்டில் எடுத்து வைத்தால் போதும் என்று ஆசிரியர் சொல்கிறாரா? தரையில் உட்கார முடியாதவருக்கு நாற்காலி உண்டா? இரண்டாவது, ஆசிரியர் பின்னால் வருகிறாரா என்று. மேடையில் நின்று தன் உடற்பயிற்சியைத் தானே செய்துகொண்டிருப்பவர் ஆசிரியர் அல்ல, கலைஞர். மூன்றாவது, நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிப்பவரை யாராவது முறைக்கிறார்களா என்று. நான்காவது, ஆரம்பத்தில் ஐந்து பத்து நிமிடமாவது உடம்பைச் சூடாக்குகிறார்களா, முடிவில் மெல்லத் தணிக்கிறார்களா என்று.

சேருமுன் ஆசிரியர் உங்களைக் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், முழங்கால், முதுகு, அறுவை சிகிச்சை, தற்போது சாப்பிடும் மருந்துகள். எதையும் கேட்காமல் ரசீது புத்தகத்தை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நான் எழுந்து வந்திருக்க வேண்டும். மாதக் கட்டணமாகவே கட்டுங்கள். வருடச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடி, பாதியில் நிற்பவருக்குத் தள்ளுபடி அல்ல. தூரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். பத்து நிமிட நடையில் இருக்கும் சுமாரான வகுப்பு, ஆட்டோ பிடித்துப் போகும் அருமையான வகுப்பைவிட மேல். பெண்கள் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டியிருக்கிறது: போகும் வழியில் விளக்கு, உள்ளே சுத்தமான கழிப்பறை. சல்வாரும் சாதாரணக் காலணியுமே போதும் என்று சொல்லும் வகுப்பில்தான் நிறையப் பெண்கள் நிலைக்கிறார்கள்.

எந்த வகை வகுப்பு? தாளத்துக்கு ஆடப் பிடித்தவர்களுக்கு ஜூம்பா நல்லது. அதில் மூத்தவர்களுக்கென்றே மெதுவான வகையும் உண்டு. யோகாவில் மெதுவாகப் போகும் ஆசிரியரைத் தேடுங்கள். முதல் வாரத்திலேயே 108 சூரிய நமஸ்காரம் என்பவரை வணங்கி விலகுங்கள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடப்பது பெரிய வரம், கிடைத்தால். அதுவும் கூச்சமாக இருந்தால் சிரிப்பு மன்றம் இருக்கிறது. 1995இல் மும்பைப் பூங்கா ஒன்றில் டாக்டர் மதன் கட்டாரியா விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு ஆரம்பித்தது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. தசை வளராது, ஆனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் பழக்கம் வரும். பலருக்கு அதுதான் முதல் படி.

இனி வீட்டுக்கு வருவோம். இந்தியாவில் வகுப்பை மட்டும் நம்ப முடியாது. நவம்பரில் தில்லிக் காற்றில் வெளியே மூச்சு வாங்க நடப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஜூலையில் மும்பையில் மழை. மே மாதத்தில் சென்னை, நாக்பூர் எங்கும் வெயில். அந்த நாட்களில் விட்டுப்போகும் பழக்கம் அப்படியே விட்டுப்போகிறது. வீட்டில் ஒரு சிறிய பயிற்சி கைவசம் இருந்தால் சங்கிலி அறாது.

ஆசிரியை எங்களுக்குச் சொல்லித் தந்தது இது. கைப்பிடியில்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். 8 முறை. முடியாவிட்டால் முதல் வாரம் கையை ஊன்றலாம். அடுத்து, சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, இரு கைகளையும் சுவரில் பதித்து, மார்பைச் சுவர் நோக்கிக் கொண்டுபோய்த் திரும்புங்கள். 8 முறை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். 10 முறை. மேடைக்குப் பக்கத்திலேயே ஒற்றைக் காலில் 10 விநாடி, பிறகு மறு கால். கடைசியாக, நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் நடை. முதல் வாரம் இது ஒரு சுற்று, இரண்டாம் வாரம் இரண்டு. எளிதானபின் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அது ஒரு கிலோ எடை, கடையில் டம்பெல் வாங்க வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டு. மற்ற நாட்களில் நடை.

பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணமும் அருமையான பயிற்சிதான். ஆனால் வருடக்கணக்கில் உட்கார்ந்தே வேலை செய்தவர் முதல் நாளே அதற்குப் போக வேண்டாம். நாற்காலிதான் அதற்கான பாலபாடம்.

காலுக்கும் இடுப்புக்கும் இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது தசை. உடம்பின் பெரிய தசைகள் இருப்பது அங்கேதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் கேட்கிறது. குறைந்தது பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் செய்ததும் கணக்கில் சேரும். மிதமானது எது? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான்.

இலவச வீடியோக்கள் ஏராளம். அங்கும் அதே விதிதான். பயிற்சியாளருக்குப் பக்கத்தில் நாற்காலியை வைத்து எளிய வடிவத்தைச் செய்துகாட்டும் இன்னொருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர்தான் உங்கள் கடைசி வரிசை. இருபது நிமிடத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும். முதல் தடவை உட்கார்ந்து முழுவதும் பார்த்துவிட்டு, இரண்டாம் தடவை செய்யுங்கள். ஏழு நாளில் தொப்பை மறையும் என்று சொல்லும் வீடியோவை மூடிவிடுங்கள். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது நடக்காத காரியம்.

சில எச்சரிக்கைகள். தசை வலி ஓரிரு நாள் இருப்பது சகஜம், மூட்டில் சுருக்கென்ற வலியோ வீக்கமோ சகஜம் அல்ல. நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி தேடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்கக் கூடாது. இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். இதய நோய் உள்ளவர்களும் அப்படியே.

நான் மனைவிக்கு மூன்று வாரம் கழித்து, முழங்கால் வீக்கம் வடிந்ததும் அந்த வகுப்பில் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் எடை இரண்டு கிலோதான் குறைந்தது. 6.1 என்பது 5.8 ஆனது. "பெரிய சாதனை ஒன்றும் இல்லை, ஆனால் திசை மாறிவிட்டது, விடாதீர்கள்" என்றார் டாக்டர். விடவில்லை. மனைவி இப்போது இரண்டாம் வரிசைக்கு முன்னேறிவிட்டாள். நான் கடைசி வரிசையிலேயே நிற்கிறேன், அந்த எழுபது வயது அம்மாவுக்குப் பக்கத்தில். போன வாரம் ஒருவர் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காக அன்று ஒரு தடவை அதிகமாகவே எழுந்து உட்கார்ந்தேன்.