பிள்ளை ஜீப்பைப் பிரிக்கிறான்!

பாயசத்துக்கு நாலு ஏலக்காயைத் தட்டிப் போடும்போது, அது எந்த வண்டியில் ஏறி மலையிலிருந்து இறங்கி வந்தது என்று நாம் யாரும் யோசிப்பதில்லை. யோசித்தால் போடிநாயக்கனூர் ஞாபகத்துக்கு வரும். போடி என்றால் ஏலக்காய் ஏலம் ஞாபகத்துக்கு வரும். அதோடு, முன் பக்கம் தூக்கலாக, இருமிக்கொண்டே மலை ஏறும் பழைய ஜீப்பும் ஞாபகத்துக்கு வரவேண்டும்.

ஏலச் செடியில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றிவிடாது. பருவம் முழுவதும் திரும்பத் திரும்பப் பறிக்க வேண்டும். அதனால் விடியற்காலையிலேயே தேனி ஜில்லாவின் மலையடிவார ஊர்களிலிருந்து பெண்கள் தூக்குச் சட்டியும் கையுமாகப் புறப்பட்டுவிடுகிறார்கள். போடிக்காரர்கள் போடிமெட்டு வழியாக, கம்பத்துக்காரர்கள் கம்பமெட்டு வழியாக, இன்னும் சிலர் குமுளி வழியாகக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பெரிய ரஸ்தாவில் பஸ் ஓடும். அதற்கு அப்பால், கல்லும் சேறுமான தோட்டத்துத் தடத்தில் லாரிகூட நுழையாது. அங்கே உர மூட்டை சுமப்பதும் ஜீப்தான், பச்சைக் காய் சுமப்பதும் ஜீப்தான், ஆள் சுமப்பதும் ஜீப்தான்.

இந்த ஜீப் இரண்டாவது உலக யுத்தத்துக்காக அமெரிக்காவில் பிறந்தது. யுத்தம் முடிந்த சில வருஷங்களுக்குள் மஹீந்திரா கம்பெனியார் பம்பாயில் அதைப் பூட்ட ஆரம்பித்தார்கள். பிற்பாடு இங்கேயே தயாரித்த மாடலுக்கு நெற்றி மேடாக இருக்கும். எஞ்சினில் சில வால்வுகளை மேலே தூக்கி வைத்ததால் எஞ்சின் உயர்ந்துவிட்டது. அதை மூட மூடியும் உயர்ந்துவிட்டது. அழகு பார்த்துச் செய்த காரியம் அல்ல.

சரி, இப்போது போடியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாசல் வேப்ப மரத்தடியில் பழைய ஜீப் ஒன்று மூடி திறந்து நிற்கிறது. கோலம் போட்ட இடத்தில் நட்டும் போல்ட்டும் பரப்பிக் கிடக்கின்றன.

“ஏன்டா, ஓடிக்கிட்டிருந்த வண்டியை எதுக்குடா பிரிச்சுப் போட்டிருக்கே?”

“இழுவை பத்தலைம்மா. மெட்டு ஏறும்போது திணறுது. கொஞ்சம் பெரிய சாமானா மாத்தினா பறக்கும்.”

அம்மாவுக்கு அடிவயிற்றில் கலக்கம். பையன் இதற்கு முன் பிரித்தது ஒரு சைக்கிளை மட்டுந்தான்.

கலங்க வேண்டாம், அம்மா. மோட்டார் வித்தையைப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர்கள் மட்டுமே எஞ்சினைத் தொடவேண்டும் என்றால் நமக்கு ஜி.டி. நாயுடு கிடைத்திருக்க மாட்டார். 1893-ல் கோயமுத்தூர்ப் பக்கம் கலங்கலில் பிறந்த அவர், வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கி ஊர் சுற்றினாரா? பிரித்துப் போட்டார். திரும்பப் பூட்டினார். அப்படித்தான் யந்திரம் அவருக்குப் பழகியது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியதற்கு அஸ்திவாரம் அந்தப் பிரித்துப் பூட்டல்தான். அவர் முதலில் செய்தது அபிவிருத்தி அல்ல, அறிமுகம். உங்கள் பிள்ளையும் அந்த வரிசையில் போனால் நல்லது.

முதலில், வண்டி ஏன் திணறுகிறது? போடியிலிருந்து மெட்டுக்குப் போவதற்குள் வண்டி சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். அந்த உயரத்துக்குப் போனால் காற்றின் அடர்த்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் மட்டும் சாப்பாடு அல்ல, காற்றும் சாப்பாடு. 60 குதிரைச் சக்தி எஞ்சின் மேலே போனால் 54 குதிரைதான். பெட்ரோல் அளவோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. கார்புரேட்டர் ஏறக்குறைய கீழே கொடுத்த கணக்கிலேயே கொடுக்கும். அதனால்தான் கறுப்புப் புகை. விறகு அதிகமாகி ஊதுகிற காற்று குறைந்த அடுப்பு மாதிரி.

ஆகவே பெரிய சாமானுக்குப் பணத்தைக் கொட்டுவதற்கு முன், காற்று வடிகட்டியைக் கழுவட்டும். கார்புரேட்டரைச் சுத்தம் செய்யட்டும். பழைய வில்லிஸ் எஞ்சினில் பிளக் இடைவெளி அங்குலத்தில் 1000-க்கு 30 பாகம், பாயிண்ட் இடைவெளி 1000-க்கு 20 பாகம். ஃபீலர் கேஜ் என்ற சிறு தகட்டுக் கற்றையை வைத்துச் சரிபார்க்கலாம்; அதன் விலையும் சொற்பம். பாயிண்டையே எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது புதுக் கைக்கும் ஏற்ற நல்ல அபிவிருத்தி. தேயாது, அடிக்கடி சரிசெய்ய வேண்டியதில்லை. இவ்வளவும் செய்தாலே பாதி ஜீப்புகளுக்குத் திணறல் போய்விடும் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது தண்ணீர். இதில் பிள்ளையைவிட அம்மாவுக்கே ஞானம் அதிகம். ரேடியேட்டர் மூடி என்பது வேறொன்றும் அல்ல, பிரஷர் குக்கரின் வெயிட்தான். உயரம் போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். போடிமெட்டில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கொதிக்காமல் இருக்கிறது. “கூடுதல் அழுத்த மூடி போட்டால் சூடு தாங்கும்” என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். ஆனால் ரப்பர் குழாய் பழசாக இருந்தால் அந்த அழுத்தத்தில் அது வெடிக்கும். கேஸ்கெட் நைந்த குக்கரில் கனமான வெயிட்டை வைப்பீர்களா? குழாயும் வாரும் புதிதான பிறகே மூடி. சூடாக இருக்கும் ரேடியேட்டரைத் திறக்கக் கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு நீங்கள் சொல்லுங்கள்.

பிறகு வருகிறது பெரிய ஆசை: “பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிவிடலாம்!” மலைப் பக்கத்தில் இந்த ஆசை புதிதல்ல. மஹீந்திராவே 1980-களில் பிரான்ஸ் தேசத்துப் பெஜோ கம்பெனியின் டீசல் எஞ்சினைத் தன் ஜீப்புகளில் வைத்தது. குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை, எரிபொருளிலும் சிக்கனம். ஏற்றத்துக்கு அருமையான எஞ்சின்.

ஆனால் ஏறிய வண்டி இறங்கவும் வேண்டும் அல்லவா?

பெட்ரோல் எஞ்சினில் பெடலிலிருந்து காலை எடுத்ததும் காற்று வழி அநேகமாக அடைபட்டுவிடும். எஞ்சின் மூச்சை இழுக்க முடியாமல் இழுக்கும். அந்தத் திணறல் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அந்த அடைப்பு கிடையாது. பழைய வண்டியில் பழகிய அதே பிடிப்பு அதே கியரில் கிடைக்கும் என்று நம்பி இறங்கினால் கணக்குத் தப்பும். இன்னொன்று: பிரேக்கை லேசாக்குகிற பூஸ்டர் வேலை செய்ய வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் அதைத் தானாகவே கொடுக்கும். டீசலுக்குத் தனி பம்ப் வைத்தாக வேண்டும். அதை மறந்தவன் முதல் இறக்கத்திலேயே பெடல் கல்லாக இருப்பதைப் பார்ப்பான். டீசல் எஞ்சின் கனமும் அதிகம். முன் ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும்.

பிரேக் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆளும் சுமையுமாக 2 டன் எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி எவ்வளவு தெரியுமா? 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கல்யாண வீட்டு அண்டா! அந்தச் சூடு எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். காற்றில் கொஞ்சம், சிறிய கியரில் இறங்கினால் எஞ்சினில் நிறைய. நியூட்ரலில் விட்டால் மிச்சம் அத்தனையும் நான்கு சக்கரத்து பிரேக் ட்ரம்முக்குள் போகும். இரும்பு ட்ரம் சூட்டில் விரியும். உள்ளேயிருக்கும் ஷூ அதை எட்டிப் பிடிக்கப் பெடலை இன்னும் கீழே மிதிக்க வேண்டும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. சாதாரண டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140-லேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை மிதித்தால் பெடல் பஞ்சாகத் தரை வரை போகும். வளைவு எதிரே இருக்கும்.

பின் ஸீட்டில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் கூலிக் கணக்கையோ வீட்டு அடுப்பையோ நினைத்துக்கொண்டிருப்பார்கள். தோட்டத் தொழிலாளர் ஜீப் கவிழ்ந்த செய்தி பத்திரிகையில் வருவதும், நாலு நாள் பேசிவிட்டு மறப்பதும் இந்தப் பக்கத்தில் நேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் யந்திரம் காரணம் அல்ல. அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதும் காரணம். ஆனாலும் இழுவைக்குச் செலவழிக்கும் முதல் ரூபாய்க்கு முன்னால் பிரேக்குக்கு ஒரு ரூபாய் செலவாகியிருக்க வேண்டும். புது லைனிங், புது ஆயில், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் எல்லாம் முதலில். பிரேக் வேலையைப் பிள்ளை செய்தாலும், தேர்ந்த மெக்கானிக் ஒருவர் பார்த்து “சரி” என்று சொல்லாமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.

வேலை வீட்டில் நடப்பதால் வீட்டுக்காரிக்கும் சில அதிகாரங்கள் உண்டு, தயங்காமல் செலுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்க விடாதீர்கள். செங்கல் அடுக்கும் ஆகாது. இரும்பு ஸ்டாண்டு வேண்டும். வேலை தொடங்குமுன் பாட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். சாமான் கழுவுவதற்குப் பெட்ரோலைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அடுப்படிப் பக்கம் வந்தால் விரட்டுங்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. அந்தப் புகையில் இருக்கும் விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது. எஞ்சின் ஓடும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளாமல் எட்டிப் பார்க்காதீர்கள். ஃபேன் பெல்ட்டுக்குப் பட்டும் தெரியாது, நூலும் தெரியாது.

சர்க்கார் விஷயமும் ஒன்று. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவு அதிகாரியின் அனுமதியின்றி எஞ்சின் வகையை இஷ்டம்போல் மாற்ற முடியாது. மாற்றினால் ஆர்.ஸி. புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறாத எஞ்சினோடு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணம் கேட்கப் போகும்போது சங்கடந்தான். பிளக், பாயிண்ட், குழாய், வடிகட்டிக்கெல்லாம் இந்தக் கவலை இல்லை.

எல்லாம் பூட்டி முடிந்ததா? மிச்சம் ஒரு நட்டுக்கூடக் கோலத்தில் கிடக்கவில்லையே? முதல் ஓட்டம் ஆள் ஏற்றாமல், போடியிலிருந்து அடிவாரத்து முந்தல் வரைக்கும் போதும். திரும்பி வந்ததும் ஆயில் ஒழுக்கு, தண்ணீர் மட்டம், சக்கரத்துச் சூடு மூன்றையும் பார்க்கட்டும். ட்ரம்மைத் தொடாமல் கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே சூடு தெரியும். நாலில் ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் உரசுகிறது என்று அர்த்தம். மறுநாள் மணல் மூட்டைகளோடு முதல் இரண்டு மூன்று வளைவு ஏறி, ஏறிய கியரிலேயே இறங்கட்டும். பெடல் பஞ்சாகாமல், தண்ணீர் கொதிக்காமல் திரும்பி வந்தால் அப்புறம் மெட்டு வரை போகலாம். அதுவரை காய் எடுக்கப் போகிறவர்கள் வேறு ஜீப்பில் போகட்டும்.