மொத்தம் சரி, தூண்?

அரசாங்கத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். செலவைத் தலைப்பு மாற்றிப் பதிந்தாலும் கடைசியில் மொத்தம் சரியாகத்தான் வரும். டாலி ஆகிவிட்டது என்று கையெழுத்தான பதிவேடுகளில் எத்தனை கோளாறு பார்த்திருக்கிறேன்!

என் தங்கை மகன் கட்டடப் பொறியாளன். உத்தரம், தூண் எல்லாவற்றையும் கணினியில் வரைந்து, எந்தத் தூணில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று பார்க்கிறான். உத்தரம் தூணைத் தொடும் இடத்தில் தூண் திருப்பிக் கொடுக்கும் விசைக்கு ரியாக்ஷன் என்று பெயர். (பிரெஞ்சில் படித்த எங்களுக்கு அது ரெயாக்ஸியோன்.) "மாமா, மேலே வச்ச பாரமும் கீழே வந்த ரியாக்ஷனும் டாலி ஆகுது, அப்புறம் என்ன?" என்கிறான்.

அப்புறம்தான் விஷயமே இருக்கிறது.

1638-இல் லெய்டன் நகரில் அச்சான கலிலியோவின் புத்தகத்தில் ஒரு பளிங்குத் தூணின் கதை வருகிறது. இரண்டு முனைகளிலும் மரக்கட்டை கொடுத்து அதைப் படுக்க வைத்திருந்தார்கள். நடுவில் ஒடிந்துவிடக் கூடாதே என்று ஒருவர் அங்கேயும் ஒரு கட்டை வைக்கச் சொன்னார். எல்லோருக்கும் நல்ல யோசனையாகத் தோன்றியது. சில மாதங்களில் தூண், அந்த நடுக்கட்டைக்கு நேர் மேலேயே பிளந்துபோனது. ஒரு முனையில் இருந்த பழைய கட்டை மக்கி இறங்கிவிட்டது, நடுக்கட்டை இறங்கவில்லை. பாதித் தூண் அந்தரத்தில் தொங்கிற்று. இரண்டே கட்டைகள் இருந்திருந்தால், ஒன்று இறங்கும்போது தூணும் கூடவே இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

இதைக் கணினியில் போட்டால் என்ன வரும்? ஒரே சீரான தூண், 16 டன் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கட்டையும் துளியும் இறங்காமல் ஒரே மட்டத்தில் இருந்தால் முனைகளில் 3, 3 டன், நடுவில் 10. ஒரு முனை போதுமான அளவு இறங்கிவிட்டால் 0, 16, 0. இறங்காத முனையும் சுமையை விட்டுவிடுகிறது, பாருங்கள். இரண்டு கணக்கிலும் மொத்தம் 16தான். பத்திரமான தூணுக்கும் உடையப்போகும் தூணுக்கும் ஒரே டாலி!

இன்னொன்று. தூணும் கட்டையும் ஒட்டிக்கொண்டிருப்பதாகக் கணினியிடம் சொல்லியிருந்தால், முனை இன்னும் இறங்கும்போது கழித்தல் 1, 18, கழித்தல் 1 என்றுகூடக் காட்டும். கூட்டிப் பாருங்கள், அதுவும் 16. கழித்தல் என்றால் கட்டை தூணைக் கீழே பிடித்து இழுக்கிறது என்று பொருள். சும்மா வைத்த கட்டை எங்கே இழுக்கும்? அது தாங்கும், இல்லாவிட்டால் விலகிவிடும். இந்த ஒரு குறியைக் கண்டதுமே பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டாமா?

மொத்தத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வராவிட்டால் எங்கோ தப்பு நிச்சயம். வந்துவிட்டால், ஒவ்வொரு தூணாகப் போய்க் கேட்க வேண்டும்: இங்கே ஒட்டியிருக்கிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா? அடியில் மண் எப்படி? கொஞ்சம் இறங்கினால் இந்த எண் என்ன ஆகும்?

நம் பழைய வீடுகளில் உத்தரம் லேசாகத் தொய்ந்தால், "நடுவுல ஒரு தூண் குடுத்துடுங்க சார்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். சொல்பவரை, மழைத் தண்ணீர் இறங்கும் அந்த ஓரத்துச் சுவரை முதலில் ஒரு நடை பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.