பர்னாந்து என்னும் பெயரும் பறங்கி இரத்தமும்

கடற்கரைப் பட்டினங்களின் ஆண்டு விழா மேடைகளிலும், ஊர்ச் சரித்திரம் எழுதப் புகுந்தோரின் வியாசங்களிலும், பல ஆண்டுகளாக நான் கேட்டும் படித்தும் மனம் புழுங்கிய வாக்கியம் ஒன்று உண்டு: பர்னாந்து, ரொட்ரிகோ என்று பெயர் வழங்குவோரெல்லாம் போர்த்துக்கீசியரின் சந்ததியார் என்பது அது. அண்மையில் ஒரு கூட்டத்தில், படித்தவரெனப் பெயர் பெற்ற பிரசங்கி ஒருவர், முன்வரிசையில் வீற்றிருந்த பர்னாந்துக் குடும்பத்தாரை நோக்கி, அவர்களுடைய மூதாதையர் லிஸ்பனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்று முழங்க, சபையோரும் கரகோஷம் செய்தனர். கரகோஷத்தினால் பொய் மெய்யாகிவிடாது. ஆகவே அவர் கூறிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

பெயர் ஒன்றாயின் இரத்தமும் ஒன்றே என்பது அவருடைய முதல் வாதம். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக் கரையில் இறங்கியது 1498ஆம் ஆண்டில். முத்துச் சலாப உரிமை பற்றிய பூசலில் நலிந்த பரதவர், தங்கள் தலைவர்களாகிய பட்டங்கட்டிகளைக் கொச்சிக்குத் தூதனுப்பிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு வேண்டி, முத்துக்குளித்துறை நெடுகிலும் திரளாக ஞானஸ்நானம் பெற்றது 1530களில். அவர்கள் தொகை சுமார் 20,000 என்பது சரித்திர நூல்களில் வழங்கும் கணக்கு. நாற்பது ஆண்டுகளுக்குள், அதுவும் மிகச் சில கப்பல்களில் வந்திறங்கிய ஒரு சிறு கூட்டத்தாருக்கு, பாட்டனும் தந்தையும் பேரனுமாக இத்தனை ஆயிரம் சந்ததி இக்கரையில் எவ்வாறு உண்டாகும்? அத்தூதுக்கு வழிகாட்டிய குதிரை வணிகரான ஜான் த குரூஸ் என்பவரே கள்ளிக்கோட்டையிலிருந்து வந்தவர். போர்த்துக்கல்லில் ஞானஸ்நானம் பெற்றபோது அப்பெயரைப் பூண்டாரேயன்றி, அப்பெயருடன் பிறந்தாரல்லர். ஞானத்தகப்பனின் பெயரையோ, ஞானஸ்நானம் கொடுத்த குருவின் பெயரையோ புதுக் கிறிஸ்தவன் ஏற்பது அக்காலத்துச் சம்பிரதாயம்; கோவாவிலும் அதுவே நடந்தது.

அப்பெயர்கள் வாள்முனையில் திணிக்கப்பட்டவை என்பது இரண்டாவது வாதம். தாமே தூது சென்று கேட்டுப் பெற்றவர்களைக் குறித்து இவ்வாறு பேசுதல் சரித்திரத்துக்கு அபசாரம்.

நிறத்தையும் மூக்கின் அமைப்பையும் காட்டுவது மூன்றாவது. கண்ணாடி முன் நின்று செய்யும் இந்த ஆராய்ச்சிக்கு மறுமொழி வேண்டுவதில்லை.

இனி, பிரசங்கி தமது பக்கத்துக்குப் பேரரணென நம்பிய அந்தப் பெயரையே எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கல்லில் பர்னாந்து என்பது தனி ஆளைச் சுட்டும் இயற்பெயர்; பர்னாந்துவின் மகன் என்னும் பொருள்பட அங்கே குடும்பப் பெயராகப் பெருக வழங்குவது பர்னாந்தெஸ். ரொட்ரிகோ இயற்பெயராகவும் ரொட்ரிகஸ் குடும்பப் பெயராகவும் நிற்பதும் இம்முறையே. லிஸ்பன் குடும்பங்கள் வம்ச வழியாக இங்கே கிளைத்திருக்குமானால், அவற்றின் குடும்பப் பெயர்களாகிய பர்னாந்தெஸும் ரொட்ரிகஸுமே எங்கணும் ஓங்கி நிற்க வேண்டும். ஆனால் இதே பெயர்கள் வழங்கும் இலங்கையின் மேற்குக் கரையில், நீர்கொழும்பிலும் மொறட்டுவையிலும் பாணந்துறையிலும், தெருவுக்குத் தெரு காணப்படுவன பர்னாந்துவும் ரொட்ரிகோவுமே. தந்தை வழியாகக் கடல் கடந்து வந்த குடும்பப் பெயர் அன்று, ஞானஸ்நானத் தொட்டியருகே ஓர் ஆளுக்கு இடப்பட்ட இயற்பெயரே, மகனுக்கும் பேரனுக்கும் பின்னொட்டாகிக் காலக்கிரமத்தில் குடும்பப் பெயராக ஸ்திரப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான பிரமாணம் வேறென்ன வேண்டும்? அக்கரையிலே ஒருவர் தம் பெயரை முழுமையாக எழுதிக் கையொப்பமிடுவதைக் கவனியுங்கள்: முதலில் வர்ணகுலசூரிய என்றோ குருகுலசூரிய என்றோ பழைய குலப்பெயர், நடுவில் பெற்றோர் இட்ட பெயர், அவற்றுக்கெல்லாம் பின்னரே பர்னாந்து. குலம் எதுவென்று அவருடைய கையொப்பமே முதற் சொல்லாக உரைத்துக்கொண்டிருக்க, பிரசங்கியாரோ கடைசிச் சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு அவருக்கு வேறொரு குலத்தைக் கற்பிக்கிறார்.

போர்த்துக்கீசியர் போனபின் இப்பெயர் ஏன் அழியவில்லை என்பதும் அறியத்தக்கது. 1656இல் கொழும்பும் 1658இல் தூத்துக்குடியும் ஒல்லாந்தர் கைப்பட்டன. இலங்கையில் ஒல்லாந்தர் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பள்ளிப் பதிவேட்டிலும் தோம்பு என்னும் குடி, நிலப் பதிவேட்டிலும் ஏற்றி, உத்தியோகத்தையும் சொத்துரிமையையும் அப்பதிவோடு பிணைத்தனர்; ஆகவே மனத்தால் பௌத்தராகவே இருந்த குடும்பங்களும் அப்பெயரைக் கைவிடவில்லை. இன்று பௌத்தராயுள்ள பர்னாந்துகள் பல்லாயிரவர். மதமே மாறிய இடத்திலும் பெயர் நின்றதெனில், அதனை நிறுத்தியது பதிவேடு, இரத்தமன்று.

உண்மையாகவே கலப்பு நேர்ந்த இடம் எதுவெனக் கேட்பின், மட்டக்களப்பைக் காட்டுவேன். அங்குள்ள பறங்கியரிடையே போர்த்துக்கீசியக் கலப்புமொழி இன்னும் வீட்டுப் பேச்சாக எஞ்சியிருக்கிறது. மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் பர்னாந்து வீட்டுத் தாய் தன் குழந்தையைத் தாலாட்டுவது தமிழில். தூத்துக்குடி நகரசபைத் தலைவராயிருந்து, அந்நகரின் குடிநீர்ப் பஞ்சம் தீர வல்லநாட்டிலிருந்து 1927இல் தாமிரபரணி நீரைக் கொணர்ந்த குரூஸ் பர்னாந்து அவர்களை, எந்தத் தூத்துக்குடிவாசி அந்நியர் என்று சொல்லத் துணிவான்?

நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இம்மண்ணில் வழங்கிய பெயர் இம்மண்ணின் பெயரே. அதனை உடையோர் அதற்காக நாணவும் வேண்டியதில்லை. இல்லாத லிஸ்பன் பாட்டனைத் தேடிப் பெருமை கொள்ளவும் வேண்டியதில்லை. மேடையேறுவோருக்கு என் விண்ணப்பம் ஒன்றே: ஒரு குடும்பத்தின் பூர்விகத்தைப் பற்றிப் பேசுமுன், அவ்வூர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டை ஒருமுறையேனும் திறந்து பாருங்கள்.