பெருகும் பரிசும் குறையும் வாய்ப்பும்

ஐக்கிய அமெரிக்காவில் சனத்தொகை குறைந்த மாநிலங்களால் தனித்து நின்று பெரிய லொத்தர் பரிசு வழங்க முடியவில்லை. எனவே 1987இல் சில மாநிலங்கள் கூடிச் சங்கம் அமைத்தன. அதன் முதல் ஆட்டத்தின் இடத்தில் 1992இல் வந்ததே 'பவர்போல்'.

கூடி உழைப்பது நல்லது. எதற்காகக் கூடினோம் என்பதே கேள்வி. தொடக்கத்தில் முதற் பரிசுக்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தரைக் கோடியில் ஒன்று. விதிகளைப் பலமுறை மாற்றி, 2015இல் அதை 29 கோடியில் ஒன்றாக்கினர். 2012இல் சீட்டின் விலை ஒரு டொலரிலிருந்து இரண்டாயிற்று. 2021இல் வாரத்துக்கு மூன்றாவது சீட்டிழுப்பும் சேர்ந்தது. எவரும் வெல்லாதபோது பரிசு அடுத்த சீட்டிழுப்புக்குச் சேரும். அவ்வாறு சேர்ந்தே 2022இல் அது 204 கோடி டொலரானது. பலர் தோற்றதால் வளர்ந்த பரிசு அது.

விற்பனைப் பணத்தில் பாதியளவே பரிசாகத் திரும்புகிறது. மீதியில் கல்வி போன்ற பொதுப் பணிகளும் நடைபெறுகின்றன என்பர். உண்மைதான். ஆனால் வரியை வருமானத்துக்கேற்ப அறவிடலாம். சீட்டின் விலையோ கூலியாளுக்கும் செல்வந்தருக்கும் ஒன்றே. ஏழையின் சில்லறையைச் சேர்க்கத் தெரிந்த அரசுகள், அதை அவன் பெயரிலேயே சேமிக்க வழி செய்தால் என்ன?