மெருகும் மெழுகும்

புதிய காரொன்று முற்றத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால் வீட்டார் கைகள் சும்மா இருப்பதில்லை. ஒருவர் கதவைத் தடவிப் பார்ப்பார். ஒருவர் துணியெடுத்துத் துடைப்பார். அயல்வீட்டார் வந்து, "நல்ல பொலிஷ் ஒன்று போடுங்கள்" என்று புத்தி சொல்வார். அன்பினாற் செய்யும் இக்காரியங்களே காரின் அழகைக் கெடுத்துவிடுவதும் உண்டு. புத்தளம், கற்பிட்டி, உடப்பு, சிலாபம் முதலிய கடலோர ஊர்களில் வாழ்வோர் இதனைச் சற்றுச் சிந்தித்தல் நன்று.

இன்று நம் நாட்டிற் கார் வாங்குதல் சிறு காரியமன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையே 2022இல் ரூபாவின் மதிப்பும் வீழ்ந்தது. பல்லாண்டுச் சேமிப்பையும் கடனையும் ஒன்றாய்க் கூட்டியே ஒரு குடும்பம் காரொன்றை வாங்குகின்றது. ஆகவே, அதன் மேற்பூச்சைக் காப்பது பகட்டுக்காக அன்று. பாடுபட்டுத் தேடிய பொருளைப் பேணுவதற்காகவே.

மெருகு, மெழுகு என்னும் இரு சொற்களும் ஓரெழுத்தால் வேறுபடுவன, செயலாலோ எதிரெதிரானவை. மெருகேற்றும் பசையில் மிக நுண்ணிய பொடி கலந்திருக்கும். அது பூச்சின் மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தி ஒளி தருகின்றது. மெழுகு மேலே மெல்லிய படலமாகப் படிகின்றது. முன்னது குறைப்பது, பின்னது கூட்டுவது. கடைகளில் இரண்டும் 'பொலிஷ்' என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதுண்டு. புட்டியிலுள்ள குறிப்பை வாசித்தே வாங்குதல் வேண்டும்.

தேய்க்கும் வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் ஓடிய காலத்தில், வெயில்பட்ட பூச்சு வெளிறிச் சுண்ணாம்புபோற் பொடிந்தது. தேய்த்தால் நிறம் துணியில் ஒட்டும். கீழிருந்த புதுநிறம் வெளிப்படும். அன்று தேய்த்தல் மருந்தாயிற்று. இன்றைய கார்களின் அமைப்பு வேறு. உலோகத் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு ஆகியவையும், யாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சும் உள்ளன. வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள் அத்தெளிபூச்சிற் கலந்துள்ளது. அதன் தடிப்போ ஏறக்குறைய 40 மைக்ரோன். நம் தலைமயிர் ஒன்றினும் மெல்லியது. ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் அதிற் சிறிது குறைகின்றது. குறைந்தது மீண்டும் வளர்வதில்லை. கீறலற்ற புதிய காருக்கு ஆகவே மெருகு வேண்டியதில்லை, மெழுகே போதும். பழகிய காராக யப்பானிலிருந்து வந்ததாயின், விற்பனைக்கு முன்பே ஒருமுறை தேய்க்கப்பட்டிருக்கக் கூடும். அதற்கு இன்னும் அதிகக் கவனம் வேண்டும்.

புதுக் காருக்குச் சில மாதங்கள் மெழுகு பூசலாகாது என்பர். அது பழைய பூச்சுகளுக்குரிய விதி. தொழிற்சாலையிற் பூச்சைச் சூட்டில் வைத்து இறுக்கிவிடுவதால், வந்த வாரமே மெழுகிடலாம். கராஜில் மறுபூச்சுப் பெற்ற பகுதி மாத்திரமே உலர்ந்து இறுகச் சில வாரங்கள் காத்திருத்தல் வேண்டும்.

இனி, நம் கரைக்கே உரிய பகைவர் இருவர்: உப்பும் மணலும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்ததும், உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். அடுக்களை உப்புச் சாடி மழைநாளிற் கசிவதைக் காணாதவர் யார்? பாலாவி உப்பளங்களில் வெயில் நீரைப் போக்கி உப்பைத் தருகின்றது; இரவின் ஈரமோ காரிற் படிந்த உப்பை மறுபடியும் உவர்நீராக்குகின்றது. அந்நீர் சிறு கீறல்களிலும் அடித்தகட்டின் இடுக்குகளிலும் புகுந்து துருவை வளர்க்கும். மணலோ கண்ணாடியையும் கீறவல்லது. காரிற் படிந்த தூசியில் விரலாற் பெயரெழுதும் சிறுவர், தெளிபூச்சிலேயே எழுதுகின்றனர் என்பதை அறியார். உலர்ந்த துணியால் துடைக்கும் பெரியோரும் அதனையே செய்கின்றனர்.

ஆதலால், முதல் வேலை கழுவுதல். காலையிலோ மாலையிலோ, தகடு கைக்குக் குளிர்ந்திருக்கும் வேளையில், நிழலில் நிறுத்துக. தென்னையின் நேர்கீழ் மாத்திரம் வேண்டாம். தேங்காய்க்கு எந்த மெழுகும் தடையன்று! முதலில் தேய்க்காமல் நீரூற்றி மணலைப் போக்குக. சில்லுகளின் உட்புறத்தையும் அடிப்பாகத்தையும் மறவாது கழுவுக. அங்கே மெழுகு எட்டாது, நீரே காவல். பின் இரண்டு வாளிகள் கொள்க. ஒன்றிற் கார் கழுவும் சவர்க்கார நீர். மற்றதில் துணியை அலசத் தூய நீர். மேலிருந்து கீழாகக் கழுவுக. பாத்திரம் கழுவும் திரவம் மெழுகையும் உரித்துவிடுமாதலால் ஆகாது. கற்பிட்டிக் குடாநாட்டில் மணலுக்கடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே கிணறுகளை ஊட்டுகின்றது. ஆகவே சிக்கனமாகவும், கிணற்றடிக்கு அப்பாலும் கழுவுக. புத்தளத்துச் சுண்ணக்கற் பாங்கான நிலத்துக் கிணற்றுநீர் தானே உலர்ந்தால் வெண்புள்ளிகள் விழும். மென்றுவாயால் உடனே ஒற்றியெடுக்க வேண்டும். நீர் உவர்த்தால் இறுதியில் மழைநீர் ஊற்றுவது நலம்.

நன்கு உலர்ந்தபின் மெழுகு. புகழ்பெற்ற கார்ணோபா மெழுகு, வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைப்பது. வறட்சியில் ஈரம் போகாதிருக்க அம்மரம் தன் ஓலைக்குத் தானே இடும் கவசம் அது. சிறிதளவு எடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பகுதியாக, மெல்லப் பூசுக. தடிப்பாகப் பூசுவதாற் பயன் மிகாது. மங்கலாய் உலர்ந்ததும் தூய மென்துணியால் துடைத்தெடுக்க, ஒளி தானே தோன்றும். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தரும் மினுக்கம் ஒருநாளையது. தேங்காயெண்ணெயில் ஒட்டும் தூசியோ அடுத்த துடைப்பிற் கீறலாகும்.

நீர் தெளித்தால் முத்துமுத்தாகத் திரளும்வரை மெழுகு உயிரோடிருக்கின்றது. நீர் பரந்து படிந்தால் மறுபடி பூசுக. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போதுமானது. கழுவுதலோ காற்றுக் காலத்தில் வாரந்தோறும் வேண்டும். கடற்கரையிற் கார் வைத்திருப்போரின் வீட்டிலே தேய்க்கும் கை சற்றுப் பொறுக்கட்டும். கழுவும் கை சோம்பாதிருக்கட்டும்.