உடலுக்கும் உரிமை உண்டு. உடலுக்கு மட்டுமே அன்று



இந்தக் கோடையில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஓர் அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. மே முதல் செப்டம்பர் வரை நான்கு டிரையத்லான் பந்தயங்கள், வாரத்திற்கு ஒன்பது பயிற்சிகள், ஞாயிறுதோறும் மிதிவண்டியில் நெடும்பயணம் என்று அதில் கட்டம் போட்டு எழுதியிருந்தோம். தலைப்பில், உடலுக்கும் மனிதன்மீது உரிமை உண்டு என்ற நபிமொழியின் கருத்தைப் பச்சை மையால் பொறித்து வைத்திருந்தோம். கோடை முடிந்து அட்டவணையைக் கழற்றியபோதுதான், அந்த நபிமொழியில் நமக்கு வசதியான பகுதியை மட்டுமே எழுதியிருந்தோம் என்பது எங்களுக்கு உறைத்தது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

இதைக் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே எழுதுகிறோம். தனித்தனியே சொல்ல வேண்டிய இடங்களில் கணவர் என்றும் மனைவி என்றும் குறிப்பிடுகிறோம்.

நாங்கள் இங்கிலாந்தில் வசிக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், நீரிழிவின் வாசலில் நிற்கிறீர்கள் என்று கணவரை மருத்துவர் எச்சரித்தார். வாப்பாவுக்கும் மாமாவுக்கும் வந்த நோய்தானே என்று அதை எளிதாக எடுத்துக்கொள்ள எங்களால் இயலவில்லை. நடையில் தொடங்கி, ஓட்டமாகி, கடைசியில் டிரையத்லானில் வந்து நின்றோம். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்துச் செய்து முடிக்கும் போட்டி இது. 1974இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் தொடங்கி, 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. எங்களைப் போன்றோருக்கு உரியது அதன் குறுகிய வடிவம்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம்.

கணவனும் மனைவியும் சேர்ந்து ஓடுவதா என்று புருவம் உயர்த்துவோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நாங்கள் நினைவூட்ட விரும்புவது நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓடிய ஓட்டத்தை. ஒரு பயணத்தின்போது தோழர்களை முன்னே செல்லப் பணித்துவிட்டு, அண்ணலார் தம் மனைவியுடன் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். அன்று அன்னையார் முந்தினார்கள். பின்னொரு காலத்தில், அன்னையாரின் உடல் சற்றுப் பருத்திருந்த நிலையில் மீண்டும் ஓடி, அண்ணலார் முந்தினார்கள்; அன்றைக்கு இன்று ஈடாயிற்று என்று சொல்லி மகிழ்ந்தார்கள். இல்லறத்தில் விளையாட்டுக்கு இடமுண்டு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

எங்கள் முதல் பந்தயம் மே மாதம், டோர்னி ஏரியில் நடந்தது. 2012 ஒலிம்பிக்கில் படகுப் போட்டிகள் நடைபெற்ற ஏரி அது. இங்கிலாந்தின் ஏரிகள் மே மாதத்தில் எலும்பைத் தொடும் குளிர்ச்சி உடையவை. ஆகவே ஆணும் பெண்ணும் கழுத்து முதல் கணுக்கால் வரை கறுத்த ரப்பர் உடையை அணிந்தே இறங்குகின்றனர். அது உடலை மறைக்கும், ஆயினும் இறுக்கமானது. எனவே மனைவி நீச்சல் தொப்பிக்குள் தலைத்துணியும், கரையேறியவுடன் அணிந்துகொள்ளத் தளர்ந்த நீள் அங்கியும் ஏற்பாடு செய்திருந்தார். இத்தகைய போட்டிகளில் பெண்கள் கலந்துகொள்வது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. நம்பிக்கைக்குரிய ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது அவரவர் பொறுப்பு. நாங்களும் கேட்டே இறங்கினோம்.

அந்த அங்கியை ஈர உடலில் மாட்ட மனைவிக்கு நான்கு நிமிடங்கள் ஆயின. கணவரோ அவசரத்தில் தலைக்கவசத்தைப் பூட்டாமலே மிதிவண்டியைத் தொட்டுவிட்டார். கவசத்தைப் பூட்டிய பின்னரே வண்டியில் கை பட வேண்டும் என்பது இப்போட்டியின் விதி. நடுவர் நிறுத்திவைத்தார். ஏழாவது கிலோமீட்டரில் டயர் பஞ்சர். சாலையோரத்தில் அமர்ந்து அவர் குழாயை மாற்றிக்கொண்டிருந்தபோது, மனைவி கையசைத்தபடி கடந்து சென்றார். ஜெலட்டின் கலந்த மிட்டாய்களுக்குப் பயந்து நாங்கள் சட்டைப் பையில் வைத்திருந்த பேரீச்சம்பழங்கள் கூழாகி, அங்கியெல்லாம் ஒட்டிக்கொண்டன. அன்று வீடு திரும்பும்வரை சிரித்தோம். சிரித்துக்கொண்டே முடித்த பந்தயம், அவ்வாண்டில் அது ஒன்றாகவே இருந்தது.

ஜூன் மாதம் இரண்டாவது பந்தயம். இம்முறை தென்கரையில், கடலில். கடல் தமக்கு அச்சமூட்டுவதாக ஒரு வாரத்திற்கு முன்பே மனைவி சொல்லியிருந்தார். பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்று கணவர் மறுமொழி கூறினார். கேள்வியைக் காதில் வாங்காமலே சொன்ன பதில் அது. அன்று காலை நீரில் இறங்கியதும் குளிர் மனைவியின் நெஞ்சை இறுக்கியது. மூச்சு கட்டுக்குள் நிற்கவில்லை. குளிர்நீரில் இறங்கும் எவருக்கும் நேரக்கூடியது இது. நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்தால் ஓரிரு நிமிடங்களில் தணிந்துவிடும். ஆனால் அந்த ஓரிரு நிமிடங்களில் அறிவு வேலை செய்வதில்லை. அவர் கையை உயர்த்தினார். காவல் படகு வந்தது. முன்னேறாமல் அதைப் பிடித்துக்கொண்டு இளைப்பாற விதி இடம் தருகிறது. படகின் விளிம்பைப் பற்றியபடி இஸ்திஃக்பார் ஓதி, மூச்சு திரும்பிய பின் மெல்ல நீந்தி, கடைசியிலிருந்து மூன்றாமவராகக் கரையேறினார். கணவர் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லைக்கோட்டில் தம் நேரம் அச்சிட்ட சீட்டுடன் அவர் காத்திருந்தார். மனைவி அந்தச் சீட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வண்டியில் இரண்டு மணி நேரம் இருவரும் பேசவில்லை.

டிரையத்லான் உலகில் பலர் அறிந்த காட்சி ஒன்று உண்டு. 2016இல் மெக்சிகோவின் கொசுமெல் தீவில் நடந்த இறுதிச் சுற்றில், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஜானி பிரவுன்லீ கடைசிச் சில நூறு மீட்டரில் வெயிலால் தள்ளாடினார். பின்னால் வந்த அவருடைய அண்ணன் அலிஸ்டர், இரு முறை ஒலிம்பிக் தங்கம் வென்றவர், தம் வெற்றி வாய்ப்பை விட்டுவிட்டுத் தம்பியைத் தோளோடு அணைத்துக்கொண்டு ஓடி, எல்லைக்கோட்டில் தமக்கு முன்பாக அவரைத் தள்ளிவிட்டார். தம்பிக்கு இரண்டாம் இடம், அண்ணனுக்கு மூன்றாம் இடம். அந்தக் காட்சியை நாங்கள் எத்தனையோ முறை பார்த்து வியந்திருக்கிறோம். வியப்பது எளிது; திரும்பிப் பார்ப்பது அரிது.

ஜூலையில் மனைவியின் காக்காவும் குடும்பமும் ஊரிலிருந்து வந்து பத்து நாள் தங்கினார்கள். அந்தப் பத்து நாளில் மூன்றாவது பந்தயமும், பெரிய பயிற்சிகள் ஐந்தும் இருந்தன. குளிர்பதனப் பெட்டியில் பிரியாணியை வைத்து, மேலே ஒரு குறிப்பை ஒட்டிவிட்டு இருவரும் புறப்பட்டுவிடுவோம். கிளம்பும் நாளன்று காக்கா சிரித்துக்கொண்டே கேட்டார்: “விருந்துக்கு வந்தோமா, வீட்டுக்குக் காவலுக்கு வந்தோமா மச்சான்?” அவர் சிரித்தது எங்கள் முகத்தைக் காப்பாற்றுவதற்காக என்பது புரியாத அளவுக்கு நாங்கள் மரத்துப்போயிருக்கவில்லை.

இனி ஆகஸ்டு. இந்நாட்டுக் கோடையின் இரவுகள் மிகக் குறுகியவை. ஜூன் மாத நடுவில் லண்டன் பகுதியில் கதிரவன் மறைய இரவு 9.20 ஆகிவிடும், காலை 4.45க்குள் மீண்டும் எழுந்துவிடும். இஷாவை முடித்துப் படுக்க நள்ளிரவு, ஃபஜ்ருக்கு எழப் பின்னிரவு. ஆகஸ்டில் இரவு சற்று நீண்டாலும், மாதக்கணக்கில் சேர்ந்த உறக்கக் கடன் தீர்ந்தபாடில்லை. ஃபஜ்ரை நாங்கள் விடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதன்பின் வழக்கமாக ஓதும் குர்ஆனை விட்டோம். அந்தப் பதினைந்து நிமிடங்களில் டயருக்குக் காற்றடித்தோம். மாலைப் பயிற்சியால் மஃரிபுக்குப் பள்ளிவாசல் செல்வதும் நின்றுபோயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி நேர உறக்கத்தோடு சர்ரே குன்றுகளின் பக்கம் புறப்பட்டோம். திரும்பும் வழியில், நேரான சமதளச் சாலையில், கணவரின் கண் ஒரு கணம் அயர்ந்தது. முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் மோத, அவர் சாலையின் நடுவில் விழுந்தார். பின்னால் வந்த கார், கைக்கெட்டும் தொலைவில் நின்றது. தலைக்கவசம் இரண்டாகப் பிளந்திருந்தது. காறை எலும்பு முறிந்திருந்தது. அந்த ஓட்டுநர் சற்றே அசட்டையாக இருந்திருந்தால், இக்கட்டுரையை ஒருவர் மட்டுமே எழுத நேர்ந்திருக்கும். அல்லது எவரும் எழுதியிருக்க மாட்டார்.

ஆறு வாரங்கள் கணவரின் கை தூளியில் கிடந்தது. உளூச் செய்ய மனைவி நீர் ஊற்றினார். ஸுஜூது செய்ய முடியாமல், நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழும்போதுதான் நெற்றி நிலத்தில் படுவது எத்தகைய பாக்கியம் என்பது விளங்கியது. அந்நாட்களில் ஒரு மாலை, அட்டவணையின் தலைப்பிலிருந்த நபிமொழியை முழுமையாக எடுத்து வாசித்தோம்.

அது சோம்பி இருந்த ஒருவரை எழுப்புவதற்காகச் சொல்லப்பட்டதன்று. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் நாள்தோறும் நோன்பு நோற்று, இரவு முழுவதும் நின்று வணங்கிய இளைஞர். அவருக்கு மணமுடித்து வைத்த தந்தை மருமகளிடம் நலம் விசாரித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எங்கள் படுக்கைப் பக்கமே வந்ததில்லை என்ற பொருள்பட அப்பெண்மணி விடையளித்தார். செய்தி அண்ணலாரிடம் சென்றது. அப்போதுதான் அவர்கள் அவ்விளைஞரை அழைத்து, உடலுக்கும், கண்களுக்கும், மனைவிக்கும், விருந்தினருக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று அறிவுறுத்தினார்கள். எளிய அளவை ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அவரோ மேலும் மேலும் கேட்டார். முதுமையில், அந்தச் சலுகையை அன்றே ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார்.

வாசித்து முடித்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மனைவியின் உரிமையை ஜூனில் கடலில் விட்டோம். விருந்தினரின் உரிமையை ஜூலையில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தோம். கண்களின் உரிமையை ஆகஸ்டில் சாலையில் இழந்தோம். உடலின் உரிமையின் பெயரால் தொடங்கியது, இறுதியில் அந்த உடலையும் முறித்துப் போட்டது. வணக்கத்திலேயே அளவு கடப்பதை அண்ணலார் தடுத்தார்களென்றால், மிதிவண்டியில் அளவு கடப்பதற்கு நாங்கள் என்ன நியாயம் சொல்ல முடியும்?

இதைப் படித்துவிட்டு, அதனால்தான் நாங்கள் சோபாவை விட்டு எழுவதில்லை என்று யாரும் மகிழ வேண்டாம். நம் சமுதாயத்தில் பெரும்பாலோர் தவறுவது எங்கள் பக்கமாக அன்று, எதிர்ப்பக்கமாகத்தான். இனிப்பும் நெய்ச்சோறுமாக விருந்துண்டு, நாற்பது வயதில் மாத்திரைப் பெட்டியோடு அலைவதும் அமானிதத்தைப் பாழாக்குவதே. பெண்களுக்கெனத் தனி நீச்சல் நேரத்தைக் கேட்டுப் பெறுவதும், பள்ளிவாசல் வளாகத்தில் வாரம் ஒரு நாள் நடைக் குழு தொடங்குவதும் நம்மால் இயலாத காரியங்கள் அல்ல. தலைத்துணிக்கு விதித்திருந்த தடையைக் கால்பந்துக் கூட்டமைப்பு 2014இலும், கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017இலும் நீக்கிவிட்டன. கதவு திறந்த பிறகும் நாம் வாசலிலேயே நிற்கலாகாது.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். பயிற்சி அட்டவணையைத் தொங்கவிடுங்கள். ஆனால் அதைத் தொழுகை நேர அட்டவணையின் கீழே தொங்கவிடுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். ஒன்பது பயிற்சிகள் நான்காகிவிட்டன. கோடையில் லுஹருக்கு முன்னோ பின்னோ இயன்ற நாளில் கைலூலா உறக்கம் உண்டு. விருந்தினர் வந்தால் அந்த வாரம் பயிற்சி இல்லை; அவர்களோடு நடப்பதே பயிற்சி. பந்தயக் கட்டணம் எவ்வளவோ, அவ்வளவும் ஸதக்காவுக்கு எடுத்து வைக்கிறோம். அது முடியாவிட்டால் அந்தப் பந்தயம் எங்களுக்குத் தேவையில்லை என்று பொருள். ஓடிய தூரத்தையும் நேரத்தையும் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பும் வழக்கத்தையும் விட்டுவிட்டோம். முகஸ்துதி வியர்வையோடும் கலந்துவிடும்.

செப்டம்பரில் அரைத் தொலைவுப் பெரும்பந்தயம் ஒன்றுக்குப் பதிவு செய்திருந்தோம்: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 மிதிவண்டி, 21.1 ஓட்டம். இருவரும் விலகினோம். மாதக் கடைசியில், வீட்டருகே ஓர் ஏரியில் நடந்த குறும்பந்தயத்தில் மனைவி மட்டும் கலந்துகொண்டார். கணவர் கரையில் நின்றார், ஒரு கையில் அங்கியும் மறு கையில் பேரீச்சம்பழமுமாக. மனைவியின் தொப்பி நீரில் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் அன்று அவர் பார்க்கவில்லை. மனைவி எடுத்துக்கொண்ட நேரம் மே மாதத்தைவிட இரண்டு நிமிடம் அதிகம். ஆனால் நீரிலிருந்து எழும்போது சிரித்துக்கொண்டே எழுந்தார். லுஹருக்கு முன்பே வீடு வந்து சேர்ந்தோம்.

குறைவாயினும் இடைவிடாது செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. உரியவர்க்கு உரியதைக் கொடுத்து, மிஞ்சிய பொழுதில் ஓடுவோம். வல்ல இறைவன் நம் உடல்களுக்கு நலத்தையும், நம் உள்ளங்களுக்கு நடுநிலையையும், நம் இல்லங்களுக்கு இணக்கத்தையும் வழங்குவானாக! ஆமீன்.